வெளிமாநிலத் தொழிலாளர் கணக்கு: கம்பெனிப் பதிவேட்டில் எடுப்பதா, தங்கும் ஷெட்டில் எடுப்பதா?

#1 – உப்பனாறு

கடலூர் சிப்காட்டிலும், புதுவைப் பக்கம் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் வட்டாரங்களிலும் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எண் தெரியாமல் மருத்துவ முகாம், பள்ளிச் சேர்க்கை, தங்குமிடம் எதையும் திட்டமிட முடியாது. இதற்காக வீடு வீடாகப் போய் புதிய சர்வே எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது வீண் செலவு, இருக்கிற பதிவேடுகளே போதும் என்பது என் வாதம்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பட்டியலை எடுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்குகிறவருக்கு அது கட்டாயம். அதில் இல்லாதவர்களுக்கு இ-ஷ்ரம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய தளம். 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர் பதியலாம். நாடு முழுக்க 30 கோடிக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினர் அதில் சேர முடியாது என்பது விதி. ஆக இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் வரமாட்டார். நிரந்தர முகவரி வேறு மாநிலமாக இருப்பவர்களைப் பிரித்து இரண்டையும் கூட்டினால் தொகை வந்துவிடும்.

தேசிய சர்வேயைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பி.எல்.எஃப்.எஸ். எனும் தேசியத் தொழிலாளர் ஆய்வு 2025 ஜனவரியிலிருந்து 22,692 முதல்நிலை அலகுகள் (மாதிரிக்கு எடுக்கும் கிராமங்கள், நகரப் பகுதிகள்), அலகுக்கு 12 வீடுகள், மொத்தம் 2,72,304 வீடுகள் என்று பெரிதாகிவிட்டது. அப்படியும் ஒரு மாவட்டத்துக்குள் வெளிமாநிலத்தவரை மட்டும் பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சென்சஸ் 2011-உடன் நிற்கிறது. அடுத்ததன் கணக்கு நாள் 2027 மார்ச் 1. இடம்பெயர்வு அட்டவணை வர அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும்.

பதிவேடு வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

#2 – செம்மண்டலம்

உப்பனாறு சார், செலவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் கூட்டச் சொல்லும் இரண்டு பட்டியலும் ஒரு நாளில் ஒரு ஊரில் இருப்பவர்களை எண்ணுவதற்காகப் போட்டவை அல்ல. ஒன்று சந்தா வாங்க, மற்றது அட்டை கொடுக்க.

ஒடிசாவின் பாலசோரில் இ-ஷ்ரம் பதிந்தவர் கடலூருக்கு வந்தால் தற்போதைய முகவரியை அவரேதான் மாற்ற வேண்டும். மாற்றினால் உடனே கையில் கிடைப்பது எதுவுமில்லை, அதனால் மாற்றுவதில்லை. இங்கே பதிந்துவிட்டு ஊர் திரும்பியவர் இன்னும் இங்கே இருப்பதாகவே நிற்கும். இ.எஸ்.ஐ.யில் கோளாறு வேறு மாதிரி. ஆளைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரர். அவருடைய இ.எஸ்.ஐ. கோடு (பதிவு எண்) சென்னை முகவரியில் இருந்து, கடலூருக்குத் தனியாக சப்-கோடு எடுக்காமல் விட்டால், சிப்காட்டில் வேலை செய்பவர் சென்னைக் கணக்கில் போய் உட்காருவார்.

அடுத்தது சட்டத்தின் வரம்பு. 1979 சட்டப்படி ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பதிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது பத்து. ஒப்பந்தத் தொழிலாளர் லைசென்ஸுக்கு 1970 சட்டத்தில் 20 பேர், இப்போது 50. தொழிற்சாலை என்ற வரையறையே மின்சாரம் உள்ள இடத்தில் 10-லிருந்து 20-ஆகவும், இல்லாத இடத்தில் 20-லிருந்து 40-ஆகவும் ஏறிவிட்டது. 20 வரம்பாக இருந்த காலத்தில் ஒரே ஆள்கூட்டத்தை மைத்துனர் பெயரில், தம்பி பெயரில் 19, 19 ஆகப் பிரித்துக் காட்டினார்கள். இப்போது 49 வரை பிரிக்கத் தேவையே இல்லை. தானாக வேலை தேடி வந்தவரையும், மாதக் கூலி 18,000 வரை இருந்தால், புதிய தொகுப்பு வெளிமாநிலத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொள்கிறது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் எட்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் அவரை வெளிமாநிலத்தவர் என்று எழுதி வைக்க அந்தத் தொகுப்பில் பதிவேடு இல்லை.

ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் தொழிலாளரில் சுமார் 40 சதவீதம் ஒப்பந்தத்தில் என்று வருகிறது. அவர்கள் எந்த மாநிலம் என்று அந்தப் படிவம் கேட்பதே இல்லை.

#3 – முள்ளோடை

அக்கா, அண்ணே, ரெண்டு பேரும் அடிப்படையை விட்டுட்டீங்க. இந்த ஊர்ல யாரு வெளிமாநிலம்?

ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். கன்னியக்கோயில் புதுவை. டி.வி.எஸ். எடுத்தா கொஞ்ச நேரத்துல கம்பெனி. அங்க குடியிருந்து இங்க வேலைக்கு வர்றவர் தினமும் மாநில எல்லையைத் தாண்டுறார். வீடு மாறலை, அதனால சர்வேயில இடம்பெயர்ந்தவர் இல்லை. அதே ஆள் கிருமாம்பாக்கத்துல வாடகைக்கு ரூம் எடுத்துட்டா சென்சஸ்ல மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர். கடலூர்ப் பொண்ணு பாகூருக்கு வாழ்க்கைப்பட்டாலும் அதே கணக்கு. அந்தப் பக்கம் கண்டமங்கலம், மதகடிப்பட்டு, திருபுவனை எல்லாம் இதே கதைதான். நாலு துண்டா கிடக்குற யூனியன் பிரதேசம் இது. புதுவைத் துண்டுக்குள்ளயே விழுப்புரம், கடலூர் நிலம் ஊடுருவிக் கிடக்கு. அதனால புதுவையோட “வெளிமாநிலத்தவர்” எண்ணை அப்படியே எடுத்து வடநாட்டுத் தொழிலாளர்னு எழுதினா, பாதி நம்ம சம்பந்தி வீட்டு ஆளுங்களை எண்ணின மாதிரி ஆகிடும்.

இன்னொண்ணு. ரேஷன் மிஷின்ல வெளிமாநில அட்டை எத்தனை தேய்க்குதுன்னு பார்த்து எண்ணலாம்னு ஒரு யோசனை சுத்துது. தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ல ஒரே நாடு ஒரே ரேஷன்ல சேர்ந்துச்சு, கடலூருக்கு அது ஓரளவு பொருந்தும். புதுவையில 2015 செப்டம்பர்ல அரிசிக்குப் பதிலா பணம்னு ஆக்கினாங்க. பணம் வங்கிக்குப் போன அந்த வருஷங்கள்ல மிஷின் எதை எண்ணியிருக்கும்?

முதல்ல வரையறையைச் சொல்லுங்க, அப்புறம் சண்டை போடலாம்.

#4 – செம்மண்டலம்

முள்ளோடை கேட்டது சரி. வரையறையை மூன்று கேள்வியாக உடைப்பதுதான் வழி: பிறந்த மாநிலம், கடைசியாக ஆறு மாதத்துக்கு மேல் இருந்த ஊர், இந்த வேலைக்கு எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தார். மூன்றையும் வாங்கிவிட்டால் தமிழ்நாடு–புதுவைப் போக்குவரத்தை அட்டவணையில் தனிப் பத்தியாகப் பிரிக்கலாம். மாவட்டத்தையும் கேட்க வேண்டும், மாநிலத்தோடு நிறுத்தினால் ரெட்டிச்சாவடிச் சிக்கல் திரும்ப வரும்.

இனி எங்கே எண்ணுவது. தூங்குகிற இடத்தில். காரணம், ஒருவர் மாதத்துக்கு மூன்று கம்பெனி மாறலாம், இரண்டு ஒப்பந்ததாரரிடம் பெயர் இருக்கலாம். ஒரு நாளில் ஒரே இடத்தில்தான் படுப்பார்.

தொழிற்பேட்டையைச் சுற்றி மூன்று நான்கு கிலோமீட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவையும் நடந்து தங்குமிடப் பட்டியல் போட வேண்டும். நகர்ப்புற சர்வே சட்டகத்தை (அரசு சர்வேக்காக நகரைத் துண்டுகளாகப் பிரித்த வரைபடப் பட்டியல்) மட்டும் நம்பினால், அது வரைந்த பிறகு எழும்பிய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் விட்டுப்போகும். கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு: கொடி முழுக்க ஒரே சைஸ் ஆண் துணி, வாசலில் வரிசையாக சேஃப்டி ஷூ, ஐந்து கிலோ சோட்டு சிலிண்டர், பக்கத்துப் பெட்டிக்கடையில் கடுகு எண்ணெய் பாக்கெட்டும் வடநாட்டு ‘சத்து’ (வறுத்த கடலை) மாவும். விசாரிக்க வேண்டியவர்கள் ரீசார்ஜ் கடைக்காரர், பணம் அனுப்பும் கவுன்டர், தண்ணீர் கேன் போடுபவர். எந்த ஷெட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை 20 லிட்டர் கேன் போகிறது என்று கேன்காரர் சொல்வார். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால் ஐந்து கேன் போகும் ஷெட்டில் சுமார் 25 பேர். வீட்டுக்காரர் பத்து என்றால் மறுபடி விசாரிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது, எண்ணாக எழுதக்கூடாது.

அடுத்து ‘வீடு’ எது என்பது. தேசிய மாதிரி ஆய்வு விதிப்படி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். விடுதியில் தனித்தனியாக இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பம். ஒரே அறையில் பத்து பேர், ஐந்து ஐந்து பேராக இரண்டு மெஸ் என்றால் இரண்டு குடும்பம். கணக்கெடுப்பவர் இதைக் கேட்காமல் அறைக்கு ஒரு குடும்பம் என்று எழுதினால் தேர்வு நிகழ்தகவே மாறி, பின்னால் போடும் எடை முழுதும் கெட்டுவிடும்.

பெரிய தவறு நேரத்தில் நடக்கிறது. இரவு எட்டு மணிக்குப் போனால் பகல் ஷிப்ட் ஆட்கள் மட்டும் கிடைப்பார்கள். அதே பாயில் காலையில் வந்து படுக்கிற நைட் ஷிப்ட் ஆள் அப்போது பிளான்ட்டில் இருப்பார். “இப்போது யார் இருக்கிறீர்கள்” என்று கேட்கவே கூடாது. “நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல் வரை இந்த இடத்தில் யார் யார் தூங்கினார்கள்” என்று கேட்க வேண்டும்.

#5 – உப்பனாறு

மேடம், விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று ஓட்டை தெரிகிறது.

ஒன்று, கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே குவார்ட்டர்ஸ், கட்டட சைட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகை. கேட்டில் செக்யூரிட்டி விடமாட்டார். உங்கள் தெரு நடை அங்கே செல்லாது. பதிவேட்டில் அவர்கள் இருப்பார்கள்.

இரண்டு, மாதிரி அளவு. 95 சதவீத நம்பிக்கை, ஐந்து புள்ளி பிழை என்றால் 384 பேர் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு ஷெட்டில் 20 பேரைப் பிடித்துப் படிவம் நிரப்பினால் அது 20 பேர் சொன்னதாகாது. எல்லாருக்கும் ஒரே மேஸ்திரி, ஒரே கூலி.

மூன்று, எல்லா ஷெட்டையும் பார்த்துவிட்டோம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? என் இரண்டு பட்டியலை வைத்தாவது பிடித்து-மறுபிடிப்பு முறையில் விட்டுப்போனவர்களைக் கணிக்கலாம்.

#6 – செம்மண்டலம்

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அங்கேதான் உங்கள் முறை உடைகிறது சார்.

பிடித்து-மறுபிடிப்பில் முதல் பட்டியலில் உள்ளவர் எண்ணிக்கையை இரண்டாவதால் பெருக்கி, இரண்டிலும் இருப்பவர் எண்ணிக்கையால் வகுக்கிறோம். ஒரு பட்டியலில் இருப்பது மற்றதில் இருக்கும் வாய்ப்பைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இ-ஷ்ரமில் சேர முடியாது என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் பொதுவாக இருப்பவர் கிட்டத்தட்ட பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்து எண்ணால் வகுத்தால் கடலூரில் கோடிக் கணக்கில் தொழிலாளர் இருப்பதாக விடை வரும்.

அதற்குப் பதில் இரண்டு சுற்றுக் களப்பணி. உதாரணத்துக்கு: முதல் சுற்றில் தங்குமிடங்களில் 240 பேர். இரண்டு வாரத்துக்குள், வேறு குழு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் 300 பேரைக் கேட்கிறது. அதில் 45 பேர் முதல் சுற்றில் வந்தவர்கள். நேராகப் போட்டால் 240 × 300 ÷ 45 = 1,600. சிறிய எண்ணிக்கைக்கு சாப்மன் திருத்தம் போட்டால் 241 × 301 ÷ 46, அதில் ஒன்று கழித்து 1,576. இரண்டு வாரம் என்பது முக்கியம். நீட்டினால் ஆள் மாறிவிடுவார்கள், பொருந்துபவர் குறைந்து தொகை வீங்கும். சந்தைக்கே வராதவர்கள், அதாவது வாரம் ஏழு நாளும் 12 மணி நேரம் உழைப்பவர்கள், இரண்டு சுற்றிலும் தப்பினால் தொகை சுருங்கும். அதனால் ஒரு எண்ணைத் தனியாக வெளியிடாமல் நம்பிக்கை இடைவெளியோடு (குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று) வெளியிட வேண்டும்.

மாதிரி அளவு பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி, அதற்கு விடையும் இருக்கிறது. வடிவமைப்பு விளைவு, அதாவது ஆட்களைக் கொத்தாக எடுப்பதால் மாதிரியை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும் என்பது, 1 + (ஷெட்டுக்கு எடுக்கும் ஆள் – 1) × உள்ளொற்றுமைக் கெழு. ஒரே ஷெட்டில் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு அந்தக் கெழு. கூலி விஷயத்தில் அந்தக் கெழுவை 0.4 என்று வையுங்கள். ஷெட்டுக்கு 12 பேர் என்றால் 1 + 11 × 0.4 = 5.4. நான்கு பேர் என்றால் 2.2. ஆகவே 384 × 2.2 = 845; மறுப்புக்கு 15 சதவீதம் விட்டால் 994; ஷெட்டுக்கு நான்கு பேர் வீதம் சுமார் 250 ஷெட். நடை அதிகம்தான், ஆனால் பதில் பதிலாக இருக்கும்.

குவார்ட்டர்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். உள்ளே தங்குபவர்களுக்கு நிர்வாக அனுமதியும் பதிவேடும் வேண்டும். அதைத் தனி அடுக்காக வைத்துக்கொள்வோம்.

#7 – பாகூரான்

தோழர்களே, தலை எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். தொழிலாளர் சந்தை ஆய்வு என்றால் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், பிடித்தம் எவ்வளவு. அங்கே நடக்கும் தவறு தலை எண்ணிக்கைத் தவறைவிடப் பெரியது.

பி.எல்.எஃப்.எஸ். படிவம் தினக்கூலிக்காரரிடம் கடந்த ஏழு நாளும் நாள்வாரியாக என்ன சம்பாதித்தார் என்று கேட்கிறது. கட்டட வேலைக்கு வந்த பிகார், வங்காளத் தொழிலாளர் பலருக்கு வாரா வாரம் கையில் வருவது கொராக்கி, அதாவது சாப்பாட்டுச் செலவுக்கான பணம் மட்டும். மிச்சம் டேக்கேதாரிடம் (ஒப்பந்ததாரரிடம்) நிற்கும். ஊருக்குப் போகும்போது ஹிசாப், அதாவது கணக்கு, பார்த்து, முன்பணம், ரயில் டிக்கெட், லீவு போட்ட நாள் எல்லாம் கழித்துத் தருவார். “போன வாரம் எவ்வளவு வாங்கினீர்கள்” என்று கேட்டால் கொராக்கியைச் சொல்வார். கூலி பாதியாகப் பதிவாகும். “ரேட் எவ்வளவு” என்று மட்டும் கேட்டால் கைக்கு வராத பணமும் வந்ததாகப் பதிவாகும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, கடைசி ஹிசாப் எந்த மாதம், அதில் எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் வாங்க வேண்டும்.

இதற்கு நம்பகமான சாட்சி அவர் தலைமாட்டில் இருக்கும் சின்ன பாக்கெட் நோட்டு. தேதிக்கு ஒரு கோடு. அரை நாளுக்குப் பாதிக் கோடு. ஓவர்டைம் செய்த நாளில் கோட்டுக்கு மேல் ஒரு புள்ளி. ஓரத்தில் கொராக்கித் தொகை, சில இடத்தில் மேஸ்திரியின் கையெழுத்து. அதைக் காட்டச் சொல்லிக் கேட்டு, பார்த்துக் குறித்தால் நினைவுப் பிழை பெருமளவு போய்விடும். போட்டோ எடுக்கக் கூடாது.

அப்புறம், ‘ஒரு டூட்டி’ எட்டு மணியா பன்னிரண்டா என்று கேட்காமல் தினக்கூலியை எழுதாதீர்கள். 12 மணிக்கு 600 ரூபாய் என்றால் எட்டு மணிக்கு 400-தான். உள்ளூர் ஆளின் எட்டு மணிக் கூலி 500 என்றால், அட்டவணையில் வெளியாள் அதிகம் வாங்குவதாக வரும், உண்மை தலைகீழ்.

பதிவேடு பற்றி ஒரு வார்த்தை, உப்பனாறு தோழருக்கு. பெயர், ஆதார், போன் எண் கேட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் யார் போனாலும் போலீஸ் என்றுதான் பயப்படுகிறார்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது தமிழ்நாட்டில் எவ்வளவு பதற்றம் இருந்தது என்று எல்லாரும் பார்த்தோம். 2025-இல் வேறு மாநிலங்களில் வங்க மொழி பேசுபவர்களை ஆவணம் கேட்டுப் பிடித்தார்கள். பெயர்ப் பட்டியல் ஆய்வுக்குத் தேவையே இல்லை.

#8 – உப்பனாறு

பாகூரான் தோழர், பெயர் இல்லாத கணக்கு யாருக்கு உதவும்? சிப்காட்டில் விபத்து நடந்து இ.எஸ்.ஐ.யில் வராத ஒருவர் இறந்தால் நஷ்டஈட்டுக் கணக்கு மாதக் கூலியில் பாதி × வயதுக்கான காரணி. 25 வயது, 15,000 ரூபாய் என்றால் 7,500 × 216.91 = 16,26,825 ரூபாய். அந்தக் குடும்பம் ஜார்க்கண்டிலிருந்து வந்து இவர் இங்கே வேலை செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் எனக்குத் தெரியாது என்பார், கம்பெனி ஒப்பந்ததாரரைக் காட்டும். நீங்கள் தொழிற்சங்கத்தில் இருப்பவர், பதிவேடு வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

#9 – பாகூரான்

வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? பதிவேடு முதலாளியின் கடமை, அதில் பெயர் இருந்தே ஆக வேண்டும். அதை ஆய்வு என்ற பெயரில் தொழிலாளியிடமிருந்து பிடுங்காதீர்கள் என்கிறேன். வேலைக்குச் சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கையில் கிடைத்ததா, அவர் படிக்கும் மொழியில் இருந்ததா, அதில் கம்பெனி பெயர் இருந்ததா, ஒப்பந்ததாரர் பெயர் மட்டுமா: இந்தக் கேள்விகளைப் பெயர் இல்லாமல் கேளுங்கள். 850 பேரில் எத்தனை பேரிடம் எந்தத் தாளும் இல்லை என்று சதவீதம் போட்டுக் காட்டினால், தொழிலாளர் துறையிடம் பேச சங்கத்துக்கு அது போதும்.

மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது படிவம் நிரப்பவும் கூடாது. இந்தி மட்டும் தெரிந்தவரை அனுப்பினால் ஒடியாத் தொழிலாளி தலையாட்டுவார், கணக்கெடுப்பவர் ‘ஆம்’ என்று எழுதிக்கொள்வார்.

#10 – நெல்லிக்குப்பம்

எல்லாம் சரி. ஆனால் வெளியாட்கள் வந்ததால் உள்ளூர்க் கூலி இறங்கியதா என்பதுதானே ஊரில் உள்ளவன் கேட்கும் கேள்வி. லோடிங், ஹெல்ப்பர் வேலைகளில் நம்ம பசங்களைக் கூப்பிடுவதே இல்லை. அதை ஏன் யாரும் தொடமாட்டேன் என்கிறீர்கள்?

#11 – செம்மண்டலம்

தொடலாம், நெல்லிக்குப்பம் சார். கேள்வி நியாயமானது, பதில் சுலபமல்ல. வெளியாட்கள் அதிகமாக இருக்கும் பேட்டையையும் குறைவாக இருக்கும் பேட்டையையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. வேலை அதிகமாகவும் கூலி நன்றாகவும் இருக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் வருகிறார்கள். அதனால் அவர்கள் வந்ததால் கூலி உயர்ந்தது போலக்கூடத் தெரியும்.

உலகம் முழுக்க இந்தச் சண்டைக்கு எடுத்துக்காட்டு 1980-இல் கியூபாவிலிருந்து மியாமிக்கு வந்த சுமார் 1,25,000 பேர். நகரத்தின் தொழிலாளர் தொகை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. டேவிட் கார்டு 1990-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளூர்க் கூலியில் பாதிப்பு காணவில்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் பிறகு பள்ளி முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்து, அவர்கள் கூலி நன்றாக இறங்கியது என்றார். அந்தப் பிரிவின் மாதிரி மிகச் சிறியது, அதிலிருந்தவர்களின் சேர்க்கையே அந்த ஆண்டுகளில் மாறியிருந்தது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே ஊர், ஒரே நிகழ்ச்சி.

கடலூருக்குப் பார்க்கக்கூடியது இது: வேலையின் பெயர் ஒன்றாக இருந்து, மணிக் கூலி ஒப்பிடப்பட்டு, பி.எஃப். பிடித்தம் உள்ளவர் இல்லாதவர் என்று பிரித்து, குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக. ஒப்பந்ததாரர் வெளியாளை விரும்புவது கூலிக்காக மட்டும் அல்ல. ஷெட்டில் தங்குபவர் இரவு இரண்டு மணிக்கும் கூப்பிட்ட குரலுக்கு வருவார். பாகூரான் சொன்ன 12 மணி டூட்டியை எட்டு மணியாக்கினால் உள்ளூர் ஆளுக்கும் அந்த வேலை எட்டும். எனவே உங்கள் கேள்விக்கான பதில் கூலி அட்டவணையைவிட வேலை நேர அட்டவணையில் இருக்கும் என்பது என் கணிப்பு.

#12 – வெள்ளாறு

வருகிறவர்களை மட்டும் பேசிக்கொண்டே போகிறீர்கள். விருத்தாசலம், திட்டக்குடி, குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போகிற குடும்பங்கள் யார் கணக்கு? அவர்களும் உள்நாட்டு இடம்பெயர் தொழிலாளர்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதால் வெளிமாநிலச் சட்டம் எதுவும் அவர்களைத் தொடாது.

2007–08-இல் தேசிய மாதிரி ஆய்வு குறுகிய காலம் வெளியே போனவர்களைத் தனியாகக் கேட்டது: கடந்த 365 நாளில் வேலைக்காக ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வெளியே தங்கியவர். அதை வீட்டில் மீதமுள்ளவர்தான் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போனவர் வீட்டில் பூட்டு தொங்கும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குடும்பம் ஊரிலும் இல்லை, சூளையிலும் இல்லை. பூட்டிய வீட்டை மாற்றாமல், எங்கே போனார்கள், எத்தனை பேர், எப்போது என்று பக்கத்தில் விசாரித்துத் தனிப் படிவத்தில் எழுத வேண்டும்.

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கு மொத்தமாக. முன்பணம் புருஷன் பெயரில். மண் குழைப்பது, அச்சில் போடுவது, திருப்பிப் போட்டுக் காயவைப்பது, அடுக்குவது என்று பெண் விடியுமுன் தொடங்கி வேலை செய்தாலும் நோட்டில் அவள் பெயர் இருக்காது. கணக்கெடுப்பவர் “நீங்க என்ன வேலை” என்று கேட்டால் “வீட்டுக்காரருக்கு ஒத்தாசை” என்பாள்; படிவத்தில் சம்பளமில்லா உதவியாளர், அல்லது வேலையே இல்லாதவர். கேட்க வேண்டியது: நேற்று எந்தெந்த வேலை, ஒவ்வொன்றிலும் யார் யார், எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை கல்.

2020–21 பி.எல்.எஃப்.எஸ்.ஸில் இடம்பெயர்ந்தவர் 28.9 சதவீதம், பெண்களில் 47.9, ஆண்களில் 10.7. இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதத்துக்குக் காரணம் திருமணம் என்று நிற்கிறது. ஒரே ஒரு காரணம்தான் எழுத முடியும் என்பதால் வந்த எண் இது. பண்ருட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் கூடத்தில் விரல் தோல் உரிய வேலை செய்பவள் அந்த அட்டவணையில் மனைவி மட்டும்.

#13 – முள்ளோடை

வெள்ளாறு அக்கா சொல்றதைப் பார்த்தா ஒரே சுத்துல முடியாது போல. எந்த மாசம் எடுக்குறதுன்னு சொல்லுங்க.

#14 – செம்மண்டலம்

இரண்டு சுற்று வேண்டும். சூளைக் குடும்பங்களுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள், சூளையிலேயே போய். தொழிற்பேட்டைக்கு ஜூலை–ஆகஸ்ட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடக்கூடாது: துர்கா பூஜைக்கும் சட் பூஜைக்கும் பாதி ஷெட் காலியாக இருக்கும், மேலே வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவைப் பக்கம் கரை கடந்தபோது இந்த வட்டாரமே தண்ணீரில் நின்றது, அந்த மாதிரி வாரத்தில் எடுத்த கணக்கை எந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது. மார்ச்சில் ஹோலி வாரத்தையும், அவர்கள் ஊரில் சட்டமன்றத் தேர்தல் நடக்கும் மாதத்தையும் தவிர்க்க வேண்டும். ஹௌரா, புவனேஸ்வர் வாராந்திர ரயில் புதுவையிலிருந்து கிளம்பும் நாளில் சந்தைச் சுற்று வைத்தால் ஊருக்குப் போகிறவர்கள் மிகையாக விழுவார்கள், வேறு நாள் பாருங்கள்.

#15 – உப்பனாறு

சரி, குவார்ட்டர்ஸ் அடுக்குக்கான பதிவேட்டு எண்களைக் கம்பெனிவாரியாக, பெயர் நீக்கி, மாநிலம், வயது, சேர்ந்த மாதம் மட்டும் வைத்து வாங்கும் படிவத்தை நான் எழுதுகிறேன். ஒப்பந்ததாரரின் கோடு எந்த ஊரில் என்ற பத்தியும் அதில் இருக்கும். ஆனால் தங்குமிட எண்ணும் பதிவேட்டு எண்ணும் இடித்தால், வெளியிடும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். தங்குமிட எண்ணை மட்டும் உண்மை என்று போடுவதை இன்னும் ஏற்கவில்லை.

#16 – பாகூரான்

பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. ஐந்து பேருக்குக் குறைவாக வரும் அட்டவணைக் கட்டங்களை மறைத்துவிடுங்கள். ஒரு கம்பெனியில் மணிப்பூர்க்காரர் ஒருவர்தான் என்று அட்டவணை சொன்னால் பெயரை நீக்கியும் பயனில்லை, மறுநாளே அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். படிவத்தின் ஒடியா, வங்கப் பிரதிகளை சங்கத்தில் படித்துப் பார்த்துத் தருகிறோம். ‘கொராக்கி’, ‘ஹிசாப்’ இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள்.

#17 – வெள்ளாறு

சூளைப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள்: 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை எத்தனை, இந்த மாதம் பள்ளிக்குப் போன நாள் எத்தனை, ஊர்ப் பள்ளியில் பெயர் இன்னும் இருக்கிறதா. சூளை முதலாளி முன்னால் இதைக் கேட்கக் கூடாது, தண்ணீர் எடுக்கும் இடத்தில் தாயிடம் கேளுங்கள்.